குடிக்காமல் திரும்பிய தண்ணீர்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவன் நான். வல்லம் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குக் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் ஒரு பித்து உண்டு. யாராவது வாய்க்கு ருசியாக ஒன்று சொல்லிவிட்டால் அதை நாலு நாள் அசைபோட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவேன். எங்கள் டீக்கடைக்காரர் ஒருமுறை, எதிரெதிர் ஷிஃப்டில் வேலை பார்க்கும் புருஷன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்னார்: "அவுங்க குடும்பம் நடத்தல நைனா, ரிலே ரேஸ் ஓடிகினு கீறாங்க. சாவிய கைமாத்தசொல்லோ மூஞ்சியப் பாத்துக்கறதோட சரி." இந்த மாதிரிப் பேச்சுக்காகவே அந்தக் கடையில் டீ குடிக்கிறேன். டீ சுமார்தான்.

வேனுக்குள் பிள்ளைகள் பேசுவது இன்னும் ருசி. ஒருநாள் ஒரு வாண்டு, "மாமா, எங்கப்பா அடுத்த வாரம் வந்துருவாரு" என்றான். "எங்கடா போயிருக்காரு?" என்றேன். "எங்கயும் போவல. தூங்கினு கீறாரு." சிரித்துவிட்டேன். அடுத்த ஸ்டாப் வருவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. அப்பாவுக்கு ராத்திரி ஷிஃப்ட் என்றால் அந்த வாரம் முழுக்க பிள்ளைக்கு அவர் ஊரில் இல்லாத கணக்குதான். ஏ வாரம், பி வாரம், சி வாரம் என்றுதான் இங்கே நாள் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் சேருவதற்கு முன்பே எங்கள் பிள்ளைகள் இங்கிலீஷில் முதல் மூன்று எழுத்தை வீட்டில் படித்துவிடுகிறார்கள். அதில் மூன்றாவது எழுத்துதான் அவர்களுக்குப் பிடிக்காதது. சி என்றால் ராத்திரி.

இத்தனை கூச்சலுக்கு நடுவில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். என் சீட்டுக்கு நேர் பின்னால் ஜன்னலோரம் உட்காரும். ஏதாவது கேட்டால் காற்று மட்டும் வருகிற மாதிரி ரகசியக் குரலில் பதில் சொல்லும். வண்டிச் சத்தத்தில் பாதி கேட்காது. அவள் அப்பா தெற்கத்திக்காரர். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் ஆள். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மெஷின்தான் அவருடைய வேலை. அம்மா செல்போன் பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில் லைனில் நிற்கிறவள். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் மாறி மாறி வரும். முன்பு நெல் விளைந்த இடத்தில் வரிசையாகக் கட்டி விட்டிருக்கும் ஒற்றை அறை வாடகை வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கிறவர் வாசல் கதவுக் கொண்டியில் ஒரு துண்டைத் தொங்க விட்டுவிடுவார். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் மிக்ஸி போட மாட்டார்கள். கேஸ்காரன் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு போவான். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விடும். நானும் ஹாரன் அடிக்காமல் வண்டியை நிறுத்திக் கையைத் தட்டாமல் ஆட்டிக் கூப்பிடுவேன்.

இவ்வளவு கண்டிப்பு வந்ததற்குக் காரணம் இருந்தது. நடு வீட்டில் குடியிருந்த ஒரு பையன், இருபது இருபத்தைந்து வயதிருக்கும், அவள் அப்பா வேலை பார்க்கும் அதே கம்பெனியில், ராத்திரி ஷிஃப்டில் மெஷினுக்குக் கையைக் கொடுத்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சில நாள் வாசலில் உட்கார்ந்திருந்தான். வருகிற போகிற பிள்ளைகள் எல்லாம் அந்தக் கையைப் பார்த்தன. பிறகு ஊருக்குப் போய்விட்டான். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் நாங்களே ஒன்று சொல்லிக்கொண்டோம். அவன் வேலைக்குப் போன அன்று பகலில் எதிர் வீட்டில் வளைகாப்பு. ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போட்டிருந்தார்கள். "பகல்ல புள்ளையத் தூங்க வுடல. அதான் கை போச்சு" என்று வரிசை முழுக்கப் பேச்சாகிவிட்டது. வளைகாப்பு நடந்த வீட்டுக்காரர்கள் அந்தப் பழியைத் தாங்க முடியாமல் வீட்டையே காலி பண்ணிவிட்டார்கள். அதற்கப்புறம் துண்டு தொங்குகிற கதவுக்கு முன்னால் இருமுவதற்கே பயந்தார்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் சத்தமே போடாத பிள்ளைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும், யோசித்துப் பாருங்கள். "பொண்ணுன்னா அப்புடி இருக்கணும். உள்ள ஒரு கொழந்த கீதான்னே தெரியாது" என்பார்கள். தன் பிள்ளையை அடிக்கிற அம்மாக்கள் அவளைக் காட்டித்தான் அடித்தார்கள். அவள் அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை. "எங்க சொல்லி வளக்கணும் அண்ணாச்சி, அவளா இருந்துக்கிடுதா" என்று என்னிடம் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். அந்தக் களைத்த முகம் மலர்வதற்கு வேறு சந்தர்ப்பமும் அதிகம் கிடையாது.

முதலில் என் கண்ணில் பட்டது தண்ணீர் பாட்டில்தான். பிள்ளைகள் வேனில் பாட்டிலை விட்டுவிட்டுப் போகும். எடுத்து வைத்து மறுநாள் கொடுப்பேன். எல்லாப் பாட்டிலும் காலியாக இருக்கும், அல்லது அடியில் கொஞ்சம் கிடக்கும். அவளுடைய பாட்டில் மட்டும் காலையில் கழுத்துவரை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

"இன்னாம்மா, தண்ணிய டெய்லி ஸ்கூலுக்கு டூர் கூட்டினு போய்ட்டு வர்றியா?" என்றேன் ஒருநாள். மற்ற பிள்ளைகள் சிரித்தன. அவளும் சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அவள் பார்வை என் கையின்மேல் இருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் கை. ஒருநாள் சிக்னலில் நின்றபோது திரும்பிக் கேட்டேன்.

"எதுக்கும்மா மாமா கையையே பாக்கறே?"

"பத்தும் இருக்கு மாமா" என்றாள் ரகசியமாக.

"பின்ன? பத்தும் சொந்தக் கைதான். வாடகைக்கு எடுக்கல" என்றேன். வண்டியே சிரித்தது. சிக்னல் விழுந்துவிட்டது. லாரிக்காரன் பின்னாலிருந்து ஹாரன் அடித்தான். அவள் அந்தச் சத்தத்துக்கு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் அதையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

காலாண்டுப் பரீட்சை லீவில் அவள் அப்பாவுக்கு சி வாரம், அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட். பள்ளிக்கூடமும் இல்லை. அம்மா விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவாள். அப்பா வந்து, பிள்ளைக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, கதவில் துண்டைத் தொங்கவிட்டுப் படுத்துவிடுவார். லீவு முடிந்து வண்டி எடுத்தபோது அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். சிறுநீரில் கிருமி என்று டாக்டர் சொன்னாராம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது, இவ்வளவுதான் வைத்தியம்.

அதற்கப்புறம் அவள் அம்மா வாசலில் நின்று சண்டை போடுவது வழக்கமாகிவிட்டது. சண்டை என்றாலும் துண்டு தொங்குவதால் பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

"குடி. என் கண்ணு முன்னால குடி. என்ன பிடிவாதம் உனக்கு? அண்ணாச்சி, நீங்களே கேளுங்க. தண்ணி என்ன விஷமா? இப்பிடியே செஞ்சேன்னா ஊர்ல அத்தை வீட்டுல கொண்டு விட்டுருவேன், பாத்துக்க. அங்க கிடந்து படி. அப்பாவும் வேண்டாம், அம்மாவும் வேண்டாம்."

அத்தை வீடு என்ற பேச்சு வந்ததும் அவள் இரண்டு மடக்கு குடிப்பாள். வண்டி தெருமுனை திரும்பியதும் ஜன்னல் வழியாக மிச்சத்தைக் கொட்டுவாள். கண்ணாடியில் என்னைப் பார்ப்பாள். நான் ரோட்டைப் பார்ப்பேன். காட்டிக்கொடுக்கவும் மனசு வரவில்லை, விடவும் மனசு வரவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பிடிவாதம் இல்லை என்று மட்டும் தெரிந்தது. பிடிவாதக்காரப் பிள்ளை முகத்தில் ஒரு கோபம் இருக்கும். இவள் முகத்தில் இருந்தது பொறுப்பு. வீட்டில் பெரியவர்கள் முகத்தில் இருக்குமே, அது.

பாட்டில் காலியாகாததைப் பார்த்து அம்மா டீச்சரிடம் சொல்லிவைத்தாள். வீட்டுக்குக் கிளம்பும் முன் டீச்சர் பக்கத்தில் நின்று பாட்டிலைக் காலி பண்ண வைத்தார். எல்லாரும் நல்லதைத்தான் நினைத்தோம். அன்று சாயங்காலம் ரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றின்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நகரவே இல்லை. அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைக் காலோடு பின்னி உட்கார்ந்திருந்தாள். ஒருவழியாக நகர்ந்தபோது ஒரு வேகத்தடையில் வண்டி குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அய்ய, இன்னாடா ஈரம் இங்க?" என்றான்.

எனக்கு அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ தெரியாது. இன்ஜினுக்குப் பக்கத்தில் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வைத்திருப்பேன். ஓரங்கட்டி நிறுத்தி, கேனை எடுக்கிற மாதிரி எடுத்து, அவள் சீட்டில் ஆரம்பித்துக் கடைசி சீட்டு வரைக்கும் கவிழ்த்துவிட்டேன்.

"அய்யய்யோ, மூடி கழண்டுகிச்சுடா! கால தூக்குங்க, கால தூக்குங்க!"

ஒரே கூத்து. எல்லாருக்கும் சாக்ஸ் நனைந்தது. "மாமாக்குக் கண்ணு தெரில!" என்று பாட்டே கட்டிவிட்டார்கள். அவள் மட்டும் பாடவில்லை. ஈரப் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை.

அவள் வீட்டு வாசலில் துண்டு தொங்கியது. அம்மா கம்பெனியில் இருந்தாள். அங்கே செல்போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கூப்பிட முடியாது. அவள் இறங்கவில்லை. "மாமா, நான் கொஞ்ச நேரம் வண்டியிலயே இருக்கட்டுமா?" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரி கேள்வி கேட்காமல் அவளைப் பின்பக்கம் அழைத்துப் போய்க் குளிப்பாட்டி, என் மகள் சின்ன வயதில் போட்ட கவுன் ஒன்றைத் தேடி மாட்டிவிட்டாள். தலை துவட்டும்போதுதான் பேச்சுக் கொடுத்தாள். நான் வாசலில் வேன் மிதியடிகளை உதறிக்கொண்டிருந்தேன். காது உள்ளே இருந்தது.

"வந்தா சொல்றதுதானே கண்ணு? மாமா வண்டிய நிறுத்த மாட்டாரா?"

"ஸ்கூல்ல போயிட்டுத்தான் வந்தேன் அத்தை. மறுபடியும் வந்துருச்சு. டீச்சர் முழுசா குடிக்கச் சொன்னாங்க."

"சரி, வூட்டுக்குப் போய் போறதுதானே? வூடு வந்தும் வண்டிய வுட்டு எறங்க மாட்டேன்னியாமே."

"வீட்ல போக முடியாது. துண்டு தொங்குது."

"துண்டு தொங்குனா?"

"ஃபேனுக்குக் கீழ அப்பா படுத்திருப்பாங்க. தலை கிட்டத்தான் பாத்ரூம் கதவு. அது தரையில தேயும். தெறந்தா கத்தும்."

"கத்துனா இன்னா? அப்பா அடிப்பாரா?"

"அப்பா அடிக்க மாட்டாங்க." அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.

"அப்பறம் இன்னாடி?"

பிறகு மறுபடியும் அந்தக் காற்றுக் குரல்.

"எந்திரிச்சிட்டாங்கன்னா கை போயிரும்."

நடுவீட்டுப் பையனின் கட்டுப்போட்ட கை என் கண் முன்னால் வந்தது. அம்மா சொல்லியிருக்கிறாள்: சத்தம் போடாதே, அப்பா தூங்கவில்லையென்றால் அந்த மாமா கை மாதிரி அப்பா கையும் போய்விடும் என்று. பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டது. அப்பா தூங்கும் நேரமெல்லாம் அசையாமல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று குடிக்காமலே இருந்து, அவர் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை நினைத்துக்கொண்டிருந்து, வந்ததும் விரலை எண்ணிப் பார்த்து. எட்டு வயதுப் பிள்ளை ஒரு பிரஸ் மெஷினுக்குக் காவல் இருந்திருக்கிறது. நாங்கள் அதற்குச் சமத்து என்று பெயர் வைத்திருந்தோம்.

"யோவ்" என்றாள் என் வீட்டுக்காரி உள்ளிருந்து. "கேட்டுகினு கீறியா?" துவட்டிய தலையையே மறுபடி துவட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் அந்த வீட்டுக்குப் போனோம். கதவில் துண்டு இல்லை. பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டு விஷயத்தைச் சொன்னோம். அப்பா இரண்டு கையையும் தொடைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் பதறிப்போனாள்.

"சும்மா மிரட்டுனேன் அண்ணாச்சி. பூச்சாண்டி வருவான்னு சொல்லுத மாதிரித்தான் சொன்னேன். அதப் போயி இப்பிடி மனசுல வச்சிருப்பான்னு நான் கண்டேனா?"

"பூச்சாண்டின்னா கண்ண மூடிகினு படுத்துரும்மா. நீ அப்பங்காரன் கைய இல்ல அது தலையில தூக்கி வச்சிட்ட" என்றாள் என் வீட்டுக்காரி. சொன்ன பிறகு அவளே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா எழுந்தார். பாத்ரூம் பிளாஸ்டிக் கதவைத் திறந்து பார்த்தார். அது கிறீச்சென்று கத்தியது. ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக் கீலைக் கழற்றி, கதவையே பெயர்த்து வெளியே கொண்டுபோய்ச் சுவரில் சாத்திவிட்டார். அந்த இடத்தில் ஒரு பழைய சேலையைக் கட்டினார். பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தா பாரு, கதவே இல்ல. இனி எப்ப வேணும்னாலும் போ தாயி. என்னை மிதிச்சுக்கிட்டுக்கூடப் போ. என்னா?"

அவள் தலையாட்டினாள். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தோம். நோயைக் கண்டுபிடித்து மருந்தும் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. அவள் பயந்தது கதவுக்கா? ஆனால் கதவைப் பற்றித்தான் எல்லாரும் பேசினோம். கையைப் பற்றி அவளிடம் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த சி வாரம் வந்தது. கதவு இல்லாவிட்டால் என்ன, தண்ணீர் ஊற்றினால் சத்தம் கேட்காதா? பாட்டில் மறுபடியும் நிரம்பியபடியே வர ஆரம்பித்தது. ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா பார்த்திருக்கிறாள்: புருஷன் தூங்குகிறார், பிள்ளை பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. வெளியே கேஸ் வண்டி மணி அடித்தபோது, அந்தக் கைக்கும் காது இருக்கிற மாதிரி அதை இறுக்கிப் பொத்திக்கொண்டதாம். இதை அந்த அம்மா என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதாள்.

மறுபடியும் காய்ச்சல். இந்த முறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். அப்பா கம்பெனியில் ஜெனரல் ஷிஃப்ட் கேட்டுப் பார்த்தார். பகலில் போய்ச் சாயங்காலம் வரும் ஷிஃப்ட். சூப்பர்வைசர் கெட்ட மனிதர் இல்லை என்றுதான் அவரே சொன்னார். "காண்ட்ராக்ட் ஆளுக்கு ஜெனரல் ஷிஃப்ட் குடுத்தா நாளைக்கு லைன்ல பாதி பேரு என் ரூம் வாசல்ல நிப்பானேய்யா" என்றாராம். அம்மா வேலையை விடுகிறேன் என்றாள். அதைப் பற்றி அவர்கள் பல நாள் பேசினார்கள். எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை. அரையாண்டு லீவில் ஊருக்குப் போய், பிள்ளையை அத்தை வீட்டில் விட்டுவிட்டு வருவது என்று முடிவாயிற்று. மிரட்டலாகச் சொன்னது கடைசியில் வைத்தியமாக வந்து நின்றது.

பஸ் ஏற்றிவிட நான்தான் வேனில் கூட்டிக்கொண்டு போனேன். பொழுது சாயும் நேரம். அவள் வழக்கம்போல என் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் புதுப் பாட்டில், அத்தைக்கு வாங்கிய மிக்சர் பொட்டலம். நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, அம்மா பை எல்லாம் எண்ணிக்கொண்டிருக்க, என் பக்கத்தில் வந்து சட்டையை இழுத்தாள். குனிந்தேன்.

"மாமா, எங்க வீட்டுல துண்டு தொங்குனா ஹாரன் அடிக்காதீங்க."

"அடிக்க மாட்டேம்மா. எப்பவுமே அடிக்க மாட்டேனே."

"புதுசா யாராவது குடிவந்தா அவங்க கிட்டயும் சொல்லுங்க. அவங்களுக்குத் தெரியாது."

சொல்கிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள். பஸ் வந்தது.

லீவு முடிந்து அப்பாவும் அம்மாவும் மட்டும் திரும்பினார்கள். வேனில் அந்த ஜன்னலோரத்துக்கு மற்ற பிள்ளைகள் அடித்துக்கொண்டன. இரண்டு நாளில் யார் யாருக்கு என்று முறை வைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவளுடைய அப்பாவை டீக்கடையில்தான் அடிக்கடி பார்ப்பேன். சி வாரத்தில் காலையில் வேலை முடிந்து வந்ததும், அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் வீடியோ கால் போடுவார். போன் எடுத்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அப்பா, கை." அவர் இரண்டு கையையும் போன் முன்னால் விரித்துக் காட்டுவார். அவள் பாட்டிலைத் தூக்கிக் காட்டுவாள். பாதி குடித்திருப்பாள். அங்கே நன்றாகத்தான் குடிக்கிறாள் என்று அத்தை சொன்னாராம். குரல் மட்டும் இன்னும் எழும்பவில்லை. டீக்கடைக்காரர் அந்த நேரத்தில் ரேடியோவைக் குறைத்துவிடுவார். "பாப்பா பேசறது கொசு காதுல பேசற மாறி கீதுய்யா" என்பார். கேலிதான், ஆனால் மற்றவர்களையும் கம்முனு இருக்கச் சொல்லிவிடுவார்.

ஒருநாள் அவள் அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தகட்டு விளிம்பு கீறியது, ஒன்றுமில்லை என்றார். போன் போடும் முன் அந்தப் பிளாஸ்திரியை உரித்து மேஜைமேல் வைத்தார். சட்டையில் விரலைத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து, "பாத்தா பயந்துரும் அண்ணாச்சி" என்றார்.

"அப்பா, கை."

கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துச் சீக்கிரமாகக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

"கிட்டக் காட்டுங்க."

வேறு வழியில்லை. காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க அவள் கண்தான் இருந்தது. அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அங்க இல்லையேப்பா" என்றாள். "யாருப்பா சத்தம் போட்டா?"

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"யாரும் போடல தாயி. கேளு. நான் நல்லாத் தூங்கிட்டுத்தான் போனேன். தகடு கிழிச்சிருச்சு, அவ்வளவுதான். நீ இருந்தாலும் கிழிக்கும், இல்லாட்டாலும் கிழிக்கும். அந்த நடுவீட்டு மாமா கை போச்சுல்ல, அதுவும் சத்தத்தால இல்ல. கை உள்ள போனா மெஷின் நிக்கணும், அதுக்கு ஒரு சென்சார் உண்டு. அத அமத்தி வச்சிட்டு ஓட்டுனாங்க. எங்க ஆளுகளுக்கு எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். உனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அப்பா முன்னாலயே சொல்லிருக்கணும்."

டீக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். காலி பண்ணிப் போன அந்த வளைகாப்பு வீடு எனக்கு நினைவுக்கு வந்தது.

அவளுக்குப் பின்னால் ஏதோ கோழி கூவிக்கொண்டு ஓடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்க மெஷின்ல அது இருக்காப்பா?"

"எது?"

"சென்சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரோட்டைப் பார்த்தேன்.

"இருக்கு தாயி" என்றார்.

"ஓடுதா?"

"ஓடுது."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நம்பினாளா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. எட்டு வயதில் அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"சரிப்பா" என்றாள் அதே காற்றுக் குரலில். "நீங்க போய்த் தூங்குங்க."

போனைப் பையில் போட்டுக்கொண்டு அவர் அந்தப் பழைய பிளாஸ்திரியை எடுத்து மறுபடியும் விரலில் ஒட்டப் பார்த்தார். பசை போயிருந்தது, நிற்கவில்லை. அப்படியே கையில் அமுக்கிப் பிடித்தபடி வீட்டுப் பக்கம் நடந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். கடைசிக் கதவில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஹாரன் அடிக்கவில்லை.